பிரஷ் கைமாறிய இடங்கள்: ஈசூனில் ஒரே வீட்டின் ஆறு வாய்கள்

2024 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை. சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது எங்கள் பல் மருந்தகம். அன்று ஒரு குடும்பமே உள்ளே வந்தது. சக்கர நாற்காலியில் 76 வயதுப் பாட்டி. அதைத் தள்ளிக்கொண்டு மியன்மாரிலிருந்து வந்திருந்த இல்லப் பணிப்பெண். பின்னால் ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள். அவர் கையைப் பிடித்தபடி, அந்த ஆண்டுதான் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்திருந்த பேரன். தள்ளுவண்டியில் மூன்று வயதுப் பேத்தி, வாயில் பால் புட்டி. காரை நிறுத்திவிட்டு மகன் கடைசியாக வந்தார். முன்பதிவு பாட்டிக்கு மட்டும்தான்.

"அத்தை ஒரு மாசமா சரியாச் சாப்பிட மாட்டேங்கிறாங்க டாக்டர். கரண்டியை வாய்கிட்ட கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க" என்றார் மருமகள்.

அன்றிலிருந்து 2025 டிசம்பர் வரை, 21 மாதங்கள் இந்தக் குடும்பத்தைப் பார்த்துவருகிறேன். இடையில் ஒரு குழந்தை பிறந்து ஐந்து வாய்கள் ஆறாயின. அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. 14 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். இவ்வளவு சொத்தை எப்படி வந்தது என்று கேட்டால் இனிப்பு, சோம்பல், பரம்பரை என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் பல் கெடத் தொடங்கிய காலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் அங்கே ஒரு கைமாற்றம் நடந்திருக்கும். அம்மா துலக்கிவிட்ட பல்லைப் பிள்ளை தானே துலக்கத் தொடங்கியிருக்கும். பள்ளிக்கூடம் பார்த்துவந்த பல்லைப் பார்க்க ஆள் இல்லாமல் போயிருக்கும். தானே துலக்கிவந்த முதியவரின் வாய் இன்னொருவர் பொறுப்புக்குப் போயிருக்கும். கொடுத்தவர் கொடுத்துவிட்டதாக நினைப்பார். வாங்கியவருக்கு வாங்கியதே தெரிந்திருக்காது. இந்த ஒரு வீட்டில் அப்படிப்பட்ட கைமாற்றங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தன.

பாட்டியின் செட்டு

2023 நவம்பரில் பாட்டிக்குப் பக்கவாதம். வலக்கை சரியாக இயங்கவில்லை, பேச்சும் குழறியது. மருத்துவமனையில் சில நாள், பிறகு சமூக மருத்துவமனையில் சில வாரம் இருந்துவிட்டு டிசம்பர் கடைசியில் வீடு திரும்பியிருந்தார். மேல்தாடையில் முழுப் பல் செட்டு. கீழே சொந்தப் பற்கள் எட்டு.

"செட்டைக் கடைசியா எப்பக் கழற்றினீங்க?" என்று கேட்டேன். மருமகள் பணிப்பெண்ணைப் பார்த்தார். பணிப்பெண் என்னைப் பார்த்தார். அது கழற்றக்கூடிய பல் என்பதே அவருக்குத் தெரியாது. மருமகளோ தினமும் ராத்திரி அவர் கழற்றிக் கழுவி வைக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தார். சமூக மருத்துவமனையில் தாதியர் கழற்றியிருப்பார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைப் பட்டியல் இருந்தது, உடற்பயிற்சித் தாள் இருந்தது, அடுத்த சந்திப்புக்கான தேதி இருந்தது. செட்டைப் பற்றி யாரும் சொன்னதாக வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டு வாரம் அது வாயிலேயே இருந்திருக்கிறது.

கையுறை மாட்டிக்கொண்டு, செட்டின் பின் ஓரத்தில் கட்டைவிரலைக் கொடுத்து மெல்லக் கீழ்நோக்கி அழுத்தினேன். முதல் தடவை அசையவில்லை. உதட்டோரம் தண்ணீர் விட்டு ஈரப்படுத்தி மறுபடி அழுத்தியபோது காற்றுப் புகும் சத்தத்தோடு விட்டது. வாடை அறையை நிறைத்தது. செட்டின் உட்புறம் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாய்ப் படலம், முன்பக்கம் நைந்த சோற்றுப் பருக்கைகள். அண்ணத்தில் செட்டு படிந்திருந்த இடம் மட்டும் வரைந்து வண்ணம் தீட்டியதுபோல ஓரம் பிசகாமல் சிவந்திருந்தது. பாட்டி கண்ணில் நீர் வழிந்தது. குழறலோடு அவர் சொன்ன முதல் சொல், "தண்ணி".

அந்தச் சிவப்பு கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று. செட்டை இரவும் பகலும் போட்டிருப்பவர்களுக்கு இது வரும், நீரிழிவும் வாய் வறட்சியும் இருந்தால் இன்னும் எளிதாக வரும். பாட்டிக்கு இரத்த அழுத்த மாத்திரை, மனச்சோர்வுக்கான மாத்திரை, தும்மலுக்கான மாத்திரை எல்லாம் இருந்தன. இவை பலருக்கு எச்சில் சுரப்பைக் குறைக்கும். எச்சில்தான் பல்லுக்குக் காவல். அது வற்றியதும், வயதால் ஈறு கீழிறங்கி வெளியே தெரிந்த வேர்ப்பகுதியில் சொத்தை விழுந்திருந்தது. எட்டுப் பற்களில் ஐந்தில், கழுத்தைச் சுற்றி மென்மையான பழுப்பு வளையம். பல்லின் கடினமான மேற்பூச்சான எனாமல் வேருக்குக் கிடையாது, அங்கே சொத்தை வேகமாக ஓடும்.

வாய் அழுக்காக இருந்தால் கெடுவது பல் மட்டுமல்ல என்பதையும் அன்றே குடும்பத்திடம் சொன்னேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் தடுமாற்றம் இருக்கும். வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடும் உணவோடும் சேர்ந்து நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். படுத்த படுக்கையாய் இருக்கும் முதியவருக்குப் பல் துலக்கிவிடுவது அழகுக்கான வேலை அல்ல, மருந்து கொடுப்பதைப் போன்ற வேலை.

பாட்டி 1948இல் பிறந்தவர். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். சிறுவயதில் கரித்தூளும் உப்பும்தான். "ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு எங்கப்பா சொல்லுவாரு" என்று பின்னொரு நாள் பேச்சு கொஞ்சம் தெளிந்தபோது சொன்னார். அந்த வழக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். குச்சியோ பிரஷோ, தேய்த்து அழுக்கை அகற்றுவதுதான் அடிப்படை. அதில் இல்லாதது, எனாமலை உறுதியாக்கும் தாதுப்பொருளான ஃபுளோரைடு. 1958இல் சிங்கப்பூர் நாடு முழுவதற்கும் குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்தது, ஆசியாவில் அப்படிச் செய்த முதல் நாடு இதுதான். அப்போது பாட்டிக்குப் பத்து வயது. ஞானப்பற்கள் தவிர மற்றவற்றின் எனாமல் அதற்குள் உருவாகி முடிந்திருந்தது.

சிகிச்சையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணத்துக்குப் பூஞ்சை எதிர்ப்பு மருந்து. வேர்ச் சொத்தைகளைத் துளையிட்டு அடைக்காமல், சொத்தையை நிறுத்தும் மருந்தான 38 விழுக்காடு வெள்ளி டயமைன் ஃபுளோரைடு தடவினேன். ஊசி வேண்டாம், துளையிடும் இயந்திரம் வேண்டாம், வலி இல்லை. சொத்தையான இடம் மட்டும் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் கறுக்குமே என்று மகன் தயங்கினார். பாட்டி இடக்கையை ஆட்டி, "கறுத்தா கறுத்துட்டுப் போவுது. கடிக்க முடிஞ்சாப் போதும்" என்றார். அதோடு 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையும் எழுதிக் கொடுத்தேன்.

உண்மையான சிகிச்சை அடுத்த 40 நிமிடம் நடந்தது. பணிப்பெண்ணை என் இடத்தில் நிற்கவைத்தேன். முதியவருக்கு எதிரே நின்று துலக்கினால் கை தடுமாறும், அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தலையை நம் நெஞ்சில் சாய்த்து, இடக்கை விரலால் கன்னத்தை விலக்கி, வலக்கையால் துலக்க வேண்டும். செட்டுக்குத் தனி பிரஷ், கைகழுவும் சோப்பு. பற்பசையில் உள்ள துகள் செட்டைக் கீறும், கீறலில் கிருமி தங்கும். கழுவும்போது கீழே தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் கைதவறினாலும் உடையாது. இரவு முழுக்கச் செட்டு தண்ணீரில் இருக்கட்டும், அண்ணம் மூச்சு விடட்டும். மூன்று முறை பணிப்பெண்ணே கழற்றி மாட்டிக் காட்டினார். மூன்றாவது முறை பாட்டி வாயைத் தானாகத் திறந்தார்.

அந்தப் பெண்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லிக்கொடுக்காத வேலையை யாரும் செய்ய முடியாது. இந்த நாட்டில் எத்தனையோ முதியவர்களின் வாய் இல்லப் பணிப்பெண்களின் கையில்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சொல்லித்தருவதைப் பல் மருத்துவத்தின் பகுதியாகவே நாம் எண்ண வேண்டும்.

பாட்டிக்கு வெற்றிலைப் பழக்கமும் இருந்தது. குட்கா, கைனி, ஜர்தா போன்றவை 2016 ஆகஸ்டு முதல் சிங்கப்பூரில் தடை. அதற்குப் பிறகு புகையிலையை விட்டுவிட்டார், பாக்கை விடவில்லை. புகையிலை இல்லாவிட்டாலும் கொட்டைப்பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணம் என்பது உறுதியாகிவிட்ட விஷயம். நம் வீடுகளில் இதை நம்பவைப்பது கடினம், மங்கலப் பொருள் அல்லவா. இடக்கன்னத்தின் உட்புறம் நகக்கண் அளவில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அவுட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கு அனுப்பினேன். சதைப் பரிசோதனையில் புற்று இல்லை. பாக்கு நின்றது. ஆறு மாதத்துக்கொரு முறை அந்த இடத்தைப் பார்த்துவருகிறேன்.

பேத்தியின் புட்டி

பாட்டியைப் பார்த்து முடித்துத் திரும்பியபோது பேத்தி தள்ளுவண்டியில் புட்டியோடு தூங்கிவிட்டிருந்தாள். உதடு லேசாகத் திறந்திருந்தது. மேல் முன்பற்களில் இரண்டு ஈறோரத்தில் பழுப்பு. முன்பதிவு இல்லையென்றாலும் பார்த்தே ஆக வேண்டும் என்றேன்.

அம்மாவும் நானும் முழங்காலும் முழங்காலும் தொட எதிரெதிரே உட்கார்ந்தோம். குழந்தையை அம்மா மடியில் அவர் முகம் பார்த்தபடி உட்காரவைத்து, தலையை என் மடிக்குச் சாய்த்தோம். அழுதாள். அழும்போது வாய் நன்றாகத் திறக்கும் என்பதால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மேல் முன்பற்கள் இரண்டில் குழி, பக்கத்து இரண்டில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை வரி. கீழ்ப் பற்களில் ஒன்றுமில்லை. புட்டிப்பால் சொத்தையின் முத்திரை இது. உறிஞ்சும்போது கீழ்ப் பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது, எச்சில் சுரப்பிகள் சிலவும் அங்கே திறக்கின்றன. மேலே பால் தேங்கிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால் கழுவிவிட ஆளில்லை.

விசாரித்ததில் வரலாறு தெரிந்தது. நவம்பர் வரை அவளைத் தூங்கவைத்தவர் பாட்டி. மடியில் போட்டுத் தாலாட்டி, வாயைத் துணியால் துடைத்துத்தான் படுக்கவைப்பார். பாட்டி விழுந்தபிறகு அந்த இடத்தை நிரப்பியது புட்டி. வேலைக்கும் மருத்துவமனைக்கும் அலைந்துகொண்டிருந்த ஒரு கர்ப்பிணி, குழந்தை அழாமல் தூங்க எது உதவுமோ அதைச் செய்திருக்கிறார். அவரைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை, கண்டிக்கவும் கூடாது. பல் மருந்தகத்தில் வெட்கப்பட்ட தாய் அடுத்த முறை வர மாட்டார்.

இன்னும் இரண்டு விஷயம் பிடிபட்டது. குழந்தை விழுங்கிவிடுவாளே என்ற பயத்தில் ஃபுளோரைடு இல்லாத மூலிகைப் பற்பசை வாங்கிவைத்திருந்தார்கள். வீட்டுக் குழாய்நீரைச் சவ்வூடு வடிகட்டும் இயந்திரம் வழியாகத்தான் குடித்தார்கள், அது ஃபுளோரைடின் பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆக, நாடே கொடுத்த பாதுகாப்பு இந்தக் குழந்தைக்கு இரண்டு வாசலிலும் அடைபட்டிருந்தது. சிங்கப்பூர்க் குழாய்நீரைக் காய்ச்சியோ அப்படியேவோ குடிக்கலாம், பல்லுக்கும் அதுதான் நல்லது. பற்பசையில் 1,000 பிபிஎம் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு. அந்த அளவு தவறி விழுங்கப்பட்டாலும் கேடில்லை.

புட்டியை ஒரே இரவில் பிடுங்கச் சொல்லவில்லை. பாலில் தண்ணீரின் பங்கை இரண்டு நாளுக்கொரு முறை கூட்டி, இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீருக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசினேன். ஜூனில் வெள்ளை வரிகள் பளபளப்பாகி இறுகியிருந்தன. அந்த நிலையில் சொத்தை திரும்பிப் போகும் என்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் ஜூலையில் தம்பி பிறந்தான். அம்மா கையில் தம்பி, தம்பி வாயில் புட்டி. இவளும் கேட்டாள். யாரோ கொடுத்திருக்கிறார்கள், யார் என்று நான் கேட்கவில்லை. செப்டம்பரில் வந்தபோது மேல் முன்பல் ஒன்றின் ஈற்றில் சீழ்க் கொப்புளம். அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு சந்திப்பு போதும் என்று நான் நினைத்தது தவறு. பிரசவத்தையொட்டிய வாரங்களில் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்திருக்க வேண்டும். தம்பி பிறக்கும் நாள் மார்ச்சிலேயே என் குறிப்பேட்டில் இருந்தது. அப்போதிருந்து, வீட்டில் பிரசவம் எதிர்பார்க்கும் குடும்பங்களின் மூத்த குழந்தைக்கு அந்த மாதத்திலேயே ஒரு சந்திப்பு குறித்துவிடுகிறேன்.

விழாமல் முளைத்த பல்

பேரனுக்கு ஏழு வயது. நன்றாகத் துலக்குகிறான், தானே துலக்குகிறான் என்றார்கள். ஊதா நிறம் பிடிக்கும் மாத்திரை ஒன்றை மெல்லுவதற்குக் கொடுத்தேன். அழுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஒட்டும். முன்பற்கள் வெள்ளையாக இருந்தன. கடைவாய் முழுக்க ஊதா. கண்ணாடியில் பார்த்துவிட்டு அவன் சிரித்தான், அம்மா சிரிக்கவில்லை.

ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லைப் பல பெற்றோர் தவறவிடுகிறார்கள். மற்ற நிலைப்பற்களில் பெரும்பாலானவை முளைக்கும்போது பால்பல் விழும், வீடே கொண்டாடும். இதற்கு எதுவும் விழுவதில்லை. பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வரும். பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க மெல்லப்போகும் பல் அது. அதன் பள்ளங்கள் பிரஷ் முடியைவிடக் குறுகலானவை. எனவேதான் அந்தப் பள்ளங்களைப் பிசினால் மூடி அடைக்கிறோம். தொடக்கப்பள்ளியில் இருக்கும் பல் மருந்தகத்திலேயே இதைச் செய்வார்கள். சம்மதப் படிவம் மட்டும் பெற்றோர் கையெழுத்தோடு போக வேண்டும். பாட்டி மருத்துவமனையில் இருந்த நாள்களின் பரபரப்புக்குப் பிறகு வீட்டில் காகிதங்கள் குவிந்துகிடந்தன. படிவம் பள்ளிப் பையின் அடியில் கிடந்தது. அதை அந்த வாரமே கொடுத்தார்கள். ஏப்ரலில் நான்கு கடைவாய்ப் பற்களும் அடைக்கப்பட்டன.

எந்த வயது வரை பெற்றோர் துலக்கிவிட வேண்டும் என்று கேட்டார் அம்மா. ஏறத்தாழ எட்டு வயது வரை என்றேன். 'ழ'வைக் கோட்டுக்குள் அழகாக எழுதத் தெரியாத கைக்குக் கடைவாயின் பின்பக்கத்தைத் துலக்கத் தெரியாது. காலையில் அவன் துலக்கட்டும். இரவு பெரியவர் ஒருவர் துலக்கிவிடட்டும்.

அப்பாவின் இருபது ஆண்டுகள்

அம்மாவுக்குத் துலக்கும்போதெல்லாம் ஈற்றில் இரத்தம். கர்ப்பகால ஹார்மோன்கள் ஈற்றைச் சிறு அழுக்குக்கும் வீங்கச் செய்யும். இரத்தம் வருகிறதே என்று துலக்குவதைக் குறைத்தால் இன்னும் வீங்கும். வயிற்றில் பிள்ளையோடு பல் மருத்துவரிடம் போகக் கூடாது என்று சொந்தத்தில் சொல்லியிருந்தார்கள். நடு மூன்று மாதங்கள் இதற்கு மிக வசதியான காலம். இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து படுக்கவைத்து, இரண்டு அமர்வில், பல்லில் படிந்து இறுகிய காறையை எடுத்தேன். வாந்தி எடுத்தவுடன் துலக்கக் கூடாது, அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துபோகும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். இதை யாரும் தனக்குச் சொன்னதில்லை என்றார்.

அப்பா கடைசி வரை தனக்கு ஒன்றுமில்லை என்றே சொன்னார். 41 வயது, சாங்கி விமான நிலையத்தில் இரவுப் பணி. நான் கேட்டது ஒரு கேள்விதான்: "கடைசியா பல் டாக்டரைப் பார்த்தது எப்போ?" யோசித்து, "ஓஆர்டி ஆகிறதுக்கு முன்னாடி, கேம்ப்ல" என்றார். ஓஆர்டி என்பது தேசிய சேவை முடியும் நாள். அப்போது அவருக்கு 21 வயது.

நம் ஆண்பிள்ளைகளிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். தொடக்கப்பள்ளியில் பல் தாதி அழைத்துப் பார்ப்பார். உயர்நிலைப்பள்ளியிலும் பார்ப்பார்கள். தேசிய சேவையில் படை பார்க்கும். சீருடையைக் கழற்றும் நாளோடு அத்தனை பேரும் விலகிவிடுகிறார்கள். அதுவரை யாரோ கூப்பிட்டுப் போனவருக்குத் தானாகப் போக வேண்டும் என்ற பழக்கமே உருவாகியிருக்காது. பெண்பிள்ளைகளுக்கு அந்த நாள் இன்னும் சில ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. வலி வரும்வரை அடுத்த சந்திப்பு இல்லை, ஈற்று நோயோ பெரும்பாலும் வலிக்காது.

இவருக்கு ஈறு ஆறு, ஏழு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பல்லைவிட்டு விலகியிருந்தது, மூன்று வரைதான் இயல்பு. கீழ் முன்பல் ஒன்று விரலால் தொட்டாலே ஆடியது. நீரிழிவு இருப்பது தெரிந்து இரண்டு ஆண்டு. பலதுறை மருந்தகத்தில் கண்ணைப் படம் பிடித்தார்கள், பாதத்தைப் பார்த்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 8.9. நீரிழிவு ஈற்று நோயை வளர்க்கும், ஈற்றின் அழற்சி சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாமல் இழுக்கும். ஈற்றுக்கு முறையான சிகிச்சை எடுத்தால் அந்த அளவு சராசரியாக 0.4 புள்ளி வரை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்பதைப் பார்த்தால், கண்ணும் பாதமும் பார்க்கும் நாளில் ஈற்றையும் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

இரவுப் பணியில் த்ரீ-இன்-ஒன் காப்பியைக் குடுவையில் நிரப்பி, விடியும்வரை ஒவ்வொரு மடக்காக உறிஞ்சுவாராம். "ரெண்டு பாக்கெட்தான் டாக்டர், அதிகமில்லை." அளவு அதிகமில்லைதான். ஆனால் சர்க்கரை பல்லில் பட்ட சில நிமிடங்களில் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்த மடக்கு. ஒரே மூச்சில் குடித்திருந்தால் ஒரு முறை தாக்கியிருக்கும், எட்டு மணி நேரம் உறிஞ்சினால் எட்டு மணி நேரமும் தாக்கும். பொட்டல பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் கலந்து தரும் பானங்களுக்கு அடுத்த ஆண்டு அதே நாள் முதலும் தரத்தைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் எழுத்து சர்க்கரையின் அளவைச் சொல்லும், எத்தனை முறை வாயில் படுகிறது என்பதைச் சொல்லாது. அதை நாம்தான் எண்ண வேண்டும்.

முதலில் 'சியூ தாய்' (சர்க்கரை குறைவு), மூன்று மாதம் கழித்து 'காப்பி ஓ கோசோங்' (சர்க்கரையும் பாலும் இல்லாத காப்பி) என்று அவரே இறங்கிவந்தார். வாய் காய்ந்தால் சர்க்கரையில்லாத மருத்துவ வகைச் சூயிங்கம் மெல்லச் சொன்னேன். 1992இல் தடைசெய்யப்பட்ட சூயிங்கத்தில் இந்த வகை மட்டும் 2004 முதல் மருந்தாளரிடமும் பல் மருத்துவரிடமும் கிடைக்கிறது. ஈற்றை மரத்துப்போகச் செய்து, அதற்கடியிலிருந்த காறையை நான்கு அமர்வில் எடுத்தேன். ஆடிய பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற இடங்களில் ஆழம் நான்குக்கு வந்திருக்கிறது. பற்களுக்கு இடையே நுழையும் சிறு பிரஷை விடாமல் பயன்படுத்துகிறார். எச்பிஏ1சி கடைசியாக 7.6. மருந்து மாறியது, நடக்கத் தொடங்கினார், சர்க்கரை குறைந்தது. இதில் ஈற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. பாட்டிக்கு முன்னோடித் தலைமுறை அட்டை இருந்ததால் சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் பல் சிகிச்சைக்கும் மானியம் கிடைத்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அதே திட்டத்தின் பச்சை அட்டை, அதில் பல் சிகிச்சைக்கு இடமில்லை. மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பல் அறுவைச் சிகிச்சைக்கு உதவும், காறை எடுக்கவும் சாதாரணச் சொத்தை அடைக்கவும் அப்போது இவர்கள் அதைப் பயன்படுத்த வழியில்லை. ஆனால் அப்பாவின் நிறுவனம் ஆண்டுதோறும் பல் சிகிச்சைக்கென ஒரு தொகை ஒதுக்கியிருந்தது. பத்து ஆண்டாக ஒரு வெள்ளிகூட அவர் எடுத்ததில்லை. வேலைக்கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அது இருந்ததை அவர் மனைவிதான் கண்டுபிடித்தார்.

குளியலறைக் கண்ணாடி

வீட்டில் இவர்கள் செய்த மாற்றங்களில், நான் சொல்லாமலே தாங்களாகச் செய்தது ஒன்று உண்டு. குளியலறைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினார்கள். பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், பாப்பா, தம்பி என்று ஆறு வரி. ஒவ்வொரு வரியிலும் இரவு யார் துலக்கிவிடுவது என்று ஒரு பெயர். அப்பா இரவுப் பணிக்குப் போகும் நாளில் பேரனுக்கு யார், அம்மா ஊருக்குப் போனால் பாப்பாவுக்கு யார் என்பதுகூட இருந்தது. துலக்கியதும் ஏழெட்டு முறை கொப்பளிக்கும் நம் வழக்கத்தை மாற்ற, துப்பினால் போதும், ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும் என்று நான் சொன்னதை அடியில் பேரன் தமிழில் எழுதியிருந்தான்: "துப்பு. கொப்பளிக்காதே."

செட்டுக்கடியில் இருந்த சிவப்பு மூன்று வாரத்தில் ஆறியது. பாட்டி செப்டம்பருக்குள் நான்கு கிலோ கூடினார். எட்டுப் பற்களில் ஏழு நிற்கின்றன, ஐந்து கறுப்பாக. பிரஷின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தபிறகு முன்பற்களை இடக்கையால் தானே துலக்குகிறார். பின்பக்கம் பணிப்பெண். பாப்பாவுக்கு மேலே ஓர் இடைவெளி, மற்ற பற்கள் நிலையாக இருக்கின்றன. தம்பியை முதல் பிறந்தநாள் மாதத்தில் கொண்டுவந்தார்கள். ஆறு பற்கள், ஆறும் சுத்தம். முதல் பல் முளைத்த நாளிலிருந்து அரிசிமணி அளவு பற்பசை. குடும்பத்தில் ஒரு வயதில் பல் மருத்துவரைப் பார்த்த முதல் ஆள் அவன்தான்.

2025 டிசம்பர் சந்திப்புக்குப் பாட்டியோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். பழைய பணிப்பெண்ணின் ஒப்பந்தம் ஜனவரியில் முடியவிருந்தது, அவர் ஊருக்குத் திரும்பவிருந்தார். புதியவர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான் கையுறையை எடுக்கப் போனேன். பழையவர் என்னைத் தடுத்து, புதியவரைச் சக்கர நாற்காலிக்குப் பின்னால் நிற்கவைத்தார். பாட்டியின் தலையை அவர் நெஞ்சில் சாய்த்தார். அவருடைய கட்டைவிரலைப் பிடித்துச் செட்டின் பின் ஓரத்தில் சரியான இடத்தில் வைத்து, தங்கள் மொழியில் மெல்ல ஏதோ சொன்னார். பாட்டி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.